கடலின் ஆழத்துக்குக் கோடு கிழித்தவர்

எட்வர்டு போர்ப்ஸின் வாழ்க்கை வரலாறு

சூரிய வெளிச்சமே எட்டாத கடலின் பாதாளத்தில் உயிர் உண்டா, இல்லையா?

இந்தக் கேள்விக்கு இன்று பள்ளிக்கூடப் பையனும் பதில் சொல்லிவிடுவான். ஆனால் 1843-ம் ஆண்டில் ஐரோப்பாவின் பெரிய பண்டிதர்களுக்கும் இதற்கு விடை தெரியாது. அந்த ஆண்டில் 28 வயது இளைஞர் ஒருவர் துணிந்து ஒரு பதில் சொன்னார். சுமார் 300 பாகத்துக்குக் கீழே கடலில் ஜீவராசிகளே இருக்க முடியாது என்றார்.

பாகம் என்பது நம் மீனவர்கள் இரண்டு கைகளையும் விரித்து அளக்கும் அளவு. ஆங்கிலேயர் கணக்கில் அது 6 அடி. ஆகவே 300 பாகம் என்றால் 1,800 அடி. அதற்குக் கீழே இருப்பதெல்லாம் குளிரும் இருட்டும் சேறும்தான் என்று அந்த இளைஞர் கணக்குப் போட்டார்.

அறிஞர்களில் பெரும்பாலோர் அதை நம்பினார்கள். ஏறக்குறைய இருபத்தைந்து ஆண்டுகள் நம்பினார்கள். பிறகு அது தவறு என்று சந்தேகத்துக்கு இடமின்றித் தெரிந்துவிட்டது. ஆயினும் அந்தத் தவற்றைச் செய்தவரைக் கடல் ஆராய்ச்சிக்கு அடிக்கல் நாட்டியவர்களில் ஒருவர் என்று விஞ்ஞானிகள் இன்றும் போற்றுகிறார்கள். அவர் பெயர் எட்வர்டு போர்ப்ஸ்.

தவறான முடிவு சொன்னவருக்கு ஏன் இத்தனை மரியாதை? அவருடைய குறுகிய வாழ்க்கையில் அதற்கு விடை இருக்கிறது.

தீவில் பிறந்த பிள்ளை

இங்கிலாந்துக்கும் அயர்லாந்துக்கும் நடுவில் மான் தீவு என்று ஒரு சிறு தீவு இருக்கிறது. அதன் துறைமுகப் பட்டணமான டக்ளஸில் 1815-ம் ஆண்டு பிப்ரவரி 12-ந் தேதி போர்ப்ஸ் பிறந்தார். தகப்பனார் பாங்கு நடத்தி வந்தவர். வீட்டில் பணக்கஷ்டம் இல்லை. பையனுக்கு உடம்புதான் சரியில்லை. அடிக்கடி நோயில் விழுவான். அதனால் பன்னிரண்டு வயது வரையில் பெரும்பாலும் வீட்டிலேயே படிப்பு நடந்தது.

பள்ளிக்கூடம் போகாத பிள்ளைக்குக் கடற்கரையே பள்ளிக்கூடம் ஆயிற்று. கிளிஞ்சல், சங்கு, நட்சத்திர மீன், கடற்பாசி, கல், பூச்சி என்று கண்டதை எல்லாம் பொறுக்கி வருவான். வீட்டிலேயே ஒரு சின்னக் காட்சிசாலை உண்டாகிவிட்டது. கையில் பென்சில் அகப்பட்டால் போதும், பொறுக்கியவற்றை எல்லாம் படமாக வரைந்துவிடுவான். படத்தின் ஓரத்தில் ஒரு பூதமோ, கோமாளியோ எட்டிப் பார்க்கும். இந்தப் பழக்கம் கடைசி வரையில் அவரை விட்டுப் போகவில்லை.

படமும் போச்சு, பட்டமும் போச்சு

பிள்ளைக்குப் படம் வரையும் கை இருக்கிறது, ஓவியன் ஆகட்டும் என்று 1831-ம் ஆண்டில் லண்டனுக்கு அனுப்பினார்கள். ஆனால் ராயல் அகாடமியில் இடம் கிடைக்கவில்லை. சில மாதங்களிலேயே ஓவியக் கனவு கலைந்தது.

அடுத்தது வைத்தியம். அதே ஆண்டு நவம்பரில் ஸ்காட்லாந்தின் தலைநகரான எடின்பரோவுக்குப் போய் வைத்தியக் கல்லூரியில் சேர்ந்தார். அங்கேயும் மனம் நிலைக்கவில்லை. பிரேதத்தை அறுத்துப் பார்ப்பதைவிட, ராபர்ட் ஜேம்ஸன் என்ற பேராசிரியர் இயற்கை சாஸ்திரம் நடத்துவதைக் கேட்பதில்தான் அவருக்கு ஆசை. விடுமுறை வந்தால் நண்பர்களோடு மலை ஏறுவார். அல்லது ஊருக்குப் போய்ப் படகில் ஏறுவார். 1833-ம் ஆண்டில் நார்வே தேசத்துக்கே போய் வந்தார். 1836-ல் பரீட்சை எழுதாமலே வைத்தியப் படிப்பை விட்டுவிட்டார்.

ஓவியரும் ஆகவில்லை, வைத்தியரும் ஆகவில்லை. 21 வயதில் கையில் எந்தப் பட்டமும் இல்லாமல் நின்றார். இந்தப் பிள்ளை உருப்படுமா என்று பெற்றவர்கள் கவலைப்பட்டிருந்தால் அதில் ஆச்சரியம் இல்லை. ஆனால் அவர் வீணாக்கியதாகத் தோன்றிய அந்த ஆண்டுகளில்தான் ஒரு புதிய சாஸ்திரம் முளைவிட்டுக் கொண்டிருந்தது.

கடலடியை வாரும் பை

மான் தீவைச் சுற்றிச் சிப்பி எடுப்பவர்களிடம் ஒரு கருவி இருந்தது. இரும்புச் சட்டம் ஒன்றில் பையைக் கட்டி, நீளக் கயிற்றில் கடலுக்குள் இறக்குவார்கள். படகு நகரும்போது சட்டம் தரையை வாரிக்கொண்டே வரும். பையில் சிப்பிகள் விழும். மேலே இழுத்துச் சிப்பியை எடுத்துக் கொண்டு மற்றதை எல்லாம் குப்பை என்று கடலிலேயே கொட்டிவிடுவார்கள்.

போர்ப்ஸுக்கு அந்தக் குப்பைதான் புதையல்! எடின்பரோவில் மாணவராக இருந்தபோதே, விடுமுறையில் இந்தக் கருவியைக் கொண்டு ஐரிஷ் கடலை வாரத் தொடங்கினார். வந்த சேற்றைச் சல்லடையில் போட்டுக் கழுவுவார். கடுகு போன்ற நத்தைகள், நகம் அளவுச் சிப்பிகள், புழுக்கள், நட்சத்திர மீன் குஞ்சுகள் எல்லாம் சல்லடையில் தங்கும்.

அவருக்கு முன்பும் சிலர் இப்படி வாரிப் பார்த்திருக்கிறார்கள். டென்மார்க்கில் முல்லர் என்பவர் பதினெட்டாம் நூற்றாண்டிலேயே இதைச் செய்தார். ஆனால் புதிய பிராணி கிடைத்ததா என்பதுதான் மற்றவர்களுடைய கவலை. போர்ப்ஸ் கேட்ட கேள்வி வேறு. எத்தனை பாகம் ஆழத்தில் கிடைத்தது? அங்கே தரை மணலா, சேறா, பாறையா? கூட வேறு எந்தெந்தப் பிராணிகள் இருந்தன? உயிரோடு வந்தவை எத்தனை, வெறும் ஓடு எத்தனை? ஒவ்வொரு தடவை பை மேலே வரும்போதும் இவை எல்லாவற்றையும் எழுதி வைத்தார்.

ஒரு கிராமத்தின் குடிக்கணக்கை எழுதும் கணக்குப்பிள்ளை வீட்டுக்கு வீடு போய் யார் யார் இருக்கிறார்கள் என்று எழுதுவது போல, கடலடிக்குக் குடிக்கணக்கு எழுதத் தொடங்கினார் போர்ப்ஸ்.

சிங்கங்களின் விருந்து

1839-ம் ஆண்டில் பிரிட்டிஷ் விஞ்ஞான வளர்ச்சிச் சங்கம் பர்மிங்ஹாம் நகரில் கூடியது. கடலடியை வாரி ஆராய ஒரு கமிட்டி அமைக்க வேண்டும் என்று போர்ப்ஸ் அங்கே வாதாடினார். கமிட்டி அமைந்தது. செலவுக்கு 60 பவுனும் கிடைத்தது.

அந்த மாநாட்டில் பெரியவர்களுக்கு நடந்த விருந்து இளைஞர்களின் சட்டைப் பைக்கு எட்டாதது. கேட்கவும் சலிப்பானது. ஆகவே போர்ப்ஸும் அவருடைய நண்பர்களும் சிவப்புச் சிங்கம் என்ற பெயருள்ள ஒரு சாதாரண விடுதியில் போய்ச் சாப்பிட்டார்கள். சிவப்புச் சிங்கங்கள் என்றே தங்களுக்குப் பெயர் வைத்துக் கொண்டார்கள். யாராவது நன்றாகப் பேசினால் கை தட்டுவதில்லை. சிங்கம் போலக் கர்ஜிப்பார்கள், கோட்டின் வாலைப் பிடித்து ஆட்டுவார்கள். போர்ப்ஸ் பாட்டுக் கட்டிப் பாடுவார். அந்தச் சிரிப்பும் சிநேகமும் பின்னால் பல ஆண்டுகள் நீடித்தன. இங்கிலாந்தின் இளம் விஞ்ஞானிகளை ஒரு குடும்பம் போலச் சேர்த்து வைத்ததில் போர்ப்ஸுக்குப் பெரிய பங்கு உண்டு.

1841-ல் பிரிட்டிஷ் நட்சத்திர மீன்களைப் பற்றி அவர் எழுதிய நூல் வெளிவந்தது. படங்களையும் அவரே வரைந்தார். சாஸ்திரப் புத்தகத்தில் அத்தியாயத்தின் முடிவில் வேடிக்கைப் படமும் இருக்கும். படித்தவர்கள் சிரித்துக் கொண்டே கற்றார்கள். ராயல் அகாடமி கைவிட்ட கை வீண் போகவில்லை.

ஈஜியன் கடலில்

அதே 1841-ல்தான் அவருடைய வாழ்க்கையின் பெரிய வாய்ப்பு வந்தது. கிரீஸுக்கும் துருக்கிக்கும் நடுவில் உள்ள ஈஜியன் கடலை அளந்து படம் தயாரிக்கப் பிரிட்டிஷ் கடற்படையின் பீக்கன் என்ற கப்பல் அங்கே இருந்தது. அதன் காப்டன் தாமஸ் கிரேவ்ஸ், தம் கப்பலில் இயற்கை ஆராய்ச்சியாளராக இருக்கப் போர்ப்ஸை அழைத்தார்.

சுமார் பதினெட்டு மாதங்கள் போர்ப்ஸ் அந்தக் கடலில் கழித்தார். தீவுக்குத் தீவு போனார். நூற்றுக்கு மேற்பட்ட தடவை கடலடியை வாரினார். மாலுமிகள் கயிற்றைப் பிடித்து இழுக்க, அவர் சல்லடையோடு காத்திருப்பார். கரையோரத்தில் முழங்கால் ஆழத்தில் தொடங்கி, 230 பாகம், அதாவது 1,380 அடி ஆழம் வரையில் வாரினார். இத்தனை ஆழத்தில் இவ்வளவு ஒழுங்காக அதுவரையில் யாரும் ஆராய்ந்ததில்லை.

கடல் போதாதென்று கரையிலும் இறங்கினார். துருக்கியின் தென்கரையில் லிசியா என்ற பழைய நாட்டின் இடிபாடுகளைத் தேடிக் கடற்படை அதிகாரி ஸ்பிராட்டும், பாதிரியார் டேனியலும் புறப்பட்டார்கள். போர்ப்ஸும் கூடப் போனார். மறைந்துபோன பல நகரங்களின் இடங்களை அவர்கள் அடையாளம் கண்டார்கள். ஆனால் அந்தப் பிரயாணத்துக்கு விலை கொடுக்க வேண்டியிருந்தது. டேனியல் காய்ச்சலில் அங்கேயே இறந்தார். போர்ப்ஸையும் முறைக்காய்ச்சல் பிடித்தது. பிழைத்ததே பெரிது என்னும் நிலைக்கு வந்து எழுந்தார். அதன் பிறகு அவருடைய உடம்பு பழைய உடம்பாக இல்லை.

கடலுக்குள் எட்டு மாடி

ஈஜியன் கடலில் அவர் கண்டது என்ன?

கடலின் அடித்தரை ஒரே மாதிரியான இடம் அல்ல. அது பல மாடிகள் உள்ள வீடு போன்றது. ஒவ்வொரு மாடியிலும் குடியிருப்பவர்கள் வேறு. போர்ப்ஸ் எட்டு மாடிகளைப் பிரித்தார். மேல் மாடி 2 பாகம் வரையில். அடுத்தது 10 பாகம் வரையில். மூன்றாவது 20 வரையில். நான்காவது 35 வரையில். இப்படியே இறங்கி, எட்டாவது மாடி 105 பாகத்தில் தொடங்கியது. அது எங்கே முடிகிறது என்று அவருக்குத் தெரியவில்லை.

மேல் மாடியில் அலையும் வெயிலும் உண்டு. அங்குள்ள பிராணிகளுக்கு அழுத்தமான நிறம் இருந்தது. கீழே இறங்க இறங்க நிறம் வெளுத்தது. செடி வகைகள் குறைந்து, பிறகு இல்லாமலே போயின. மலை ஏறுகிறவன் மேலே போகப் போகக் குளிர் நாட்டுச் செடிகளைப் பார்ப்பது போலக் கடலில் கீழே போகப் போக வடதேசத்துக் குளிர்க் கடலின் பிராணிகளை ஒத்தவை தென்பட்டன.

இன்னொரு விஷயத்தையும் அவர் கவனித்தார். ஓரிடத்தில் சிப்பிகள் தலைமுறை தலைமுறையாக வாழ்ந்து செத்தால், அவற்றின் ஓடுகளே தரையில் குவிந்துவிடுகின்றன. சேறாக இருந்த தரை ஓட்டுத் தரை ஆகிவிடுகிறது. சேற்றில் வாழ்ந்து பழகிய இனத்துக்கு அங்கே இடமில்லை, அது ஒழிகிறது. மறுபடி சேறு படிந்தால்தான் திரும்பி வருகிறது. பிராணி தன் வீட்டைத் தானே மாற்றிக் கெடுத்துக் கொள்கிறது! இருப்பிடம் பிராணியை மாற்றுகிறது, பிராணி இருப்பிடத்தை மாற்றுகிறது என்ற இந்த உண்மையை இன்று சூழ்நிலை சாஸ்திரம் படிக்கும் ஒவ்வொரு மாணவனும் கற்கிறான். அப்போது சூழ்நிலை சாஸ்திரம் என்ற பெயர்கூடப் பிறக்கவில்லை.

சிப்பி சொன்ன சாட்சி

ஈஜியன் கடலில் சாந்தோரினி என்ற எரிமலைத் தீவு இருக்கிறது. அதன் நடுவே 1707-ம் ஆண்டில் கடலுக்குள்ளிருந்து ஒரு புதிய தீவு எழும்பியது. போர்ப்ஸ் அந்தத் தீவுக்குப் போனார். எரிமலைக் கல்லுக்கு நடுவே கடற்சிப்பிகள் படிந்த ஓர் அடுக்கைக் கண்டார். எந்தச் சிப்பி எந்த மாடியில் வாழும் என்பது அவருக்கு மனப்பாடம். அந்தச் சிப்பிகளைப் பார்த்தவுடனே, அந்தத் தரை ஒரு காலத்தில் சுமார் 200 அடிக்குக் கீழே கிடந்தது என்று தெரிந்து கொண்டார்.

இதன் மகிமை என்ன? பூமியில் புதைந்து கல்லான சிப்பிகளைக் கொண்டு, கோடிக்கணக்கான ஆண்டுகளுக்கு முன் அங்கே இருந்த கடலின் ஆழத்தைச் சொல்ல முடியும். பூகர்ப்ப சாஸ்திரத்துக்குப் புதிய கண் கிடைத்தது. எண்ணெய்க் கிணறு தோண்டும்போது கிடைக்கும் நுண்ணிய ஓடுகளைப் பூதக்கண்ணாடியில் பார்த்துப் பழைய கடலின் நிலையை நிர்ணயிக்கும் முறை பின்னாளில் பெரிதாக வளர்ந்தது. அதன் அடிப்படை இதே எண்ணம்தான்.

கிழித்த கோடு

போர்ப்ஸின் கணக்கில் ஓர் உண்மை பளிச்சென்று தெரிந்தது. ஆழத்தில் இறங்கினால் இனங்களின் எண்ணிக்கை குறைகிறது. எட்டாவது மாடியில் மிகக் குறைவு. கடைசியாக வாரிய இடங்களில் பையில் பெரும்பாலும் சேறுதான். இந்த வேகத்தில் குறைந்தால் எங்கே பூஜ்யம் ஆகும்? கோட்டை நீட்டிப் பார்த்தார். சுமார் 300 பாகம் என்று வந்தது.

1843-ம் ஆண்டு அயர்லாந்தில் உள்ள கார்க் நகரில் கூடிய விஞ்ஞானச் சங்கத்துக்குத் தம் அறிக்கையைக் கொடுத்தார். மெச்சாதவர்கள் இல்லை. 300 பாகம் என்ற எண்ணும் அறிக்கையோடு சேர்ந்து பரவியது. அறிக்கையைப் படிக்காதவர்களும் அந்த எண்ணை மட்டும் பிடித்துக் கொண்டார்கள். அதற்குக் காரணம் உண்டு. ஆழத்தில் தண்ணீரின் பாரம் பயங்கரமானது, வெளிச்சம் கிடையாது, கடுங்குளிர். அங்கே எந்தப் பிராணி வாழும்? போர்ப்ஸின் கணக்கு அவர்களுடைய நம்பிக்கைக்குப் பொருத்தமாக இருந்தது.

வறுமை வந்தது

ஈஜியனிலிருந்து செங்கடலுக்குப் போய் அங்கேயும் வார வேண்டும் என்பது போர்ப்ஸின் திட்டம். ஆனால் 1842-ல் வீட்டிலிருந்து இடிபோன்ற செய்தி வந்தது. தகப்பனார் பணத்தை எல்லாம் இழந்துவிட்டார். இனி மகனுக்கு அனுப்ப ஒன்றும் இல்லை.

திட்டத்தைக் கைவிட்டு லண்டனுக்குத் திரும்பினார். கிங்ஸ் கல்லூரியில் தாவர சாஸ்திரப் பேராசிரியர் வேலை கிடைத்தது. பெயர்தான் பெரிது, வருஷச் சம்பளம் 100 பவுனுக்கும் குறைவு. அது போதாமல் பூகர்ப்ப சாஸ்திரச் சங்கத்தின் காட்சிசாலையைக் கவனிக்கும் வேலையையும் 150 பவுனுக்கு ஏற்றுக் கொண்டார். பகலெல்லாம் கற்களுக்குச் சீட்டு ஒட்டுவது, பாடம் நடத்துவது. இரவில் கண் விழித்து எழுதுவது. ஈஜியனில் சேர்த்த குறிப்புகளை எல்லாம் விரிவாக எழுதிப் புத்தகமாக்க வேண்டும் என்ற ஆசை கடைசி வரையில் நிறைவேறவில்லை. 1844-ல் அரசாங்கப் பூகர்ப்ப ஆராய்ச்சி இலாகாவில் வேலை கிடைத்த பிறகுதான் கொஞ்சம் மூச்சு விட்டார்.

விருத்தாசலத்துக் கற்கள்

இந்தக் காலத்தில் தமிழ்நாட்டுக்கும் போர்ப்ஸுக்கும் ஒரு தொடர்பு ஏற்பட்டது. இது பலருக்குத் தெரியாத செய்தி.

புதுச்சேரி, விருத்தாசலம், திருச்சி ஆகிய இடங்களின் சுற்றுப்புறத்தில் கே, கன்லிப் என்ற இரு ஆங்கிலேயர்கள் கல்லாய்ப் போன சிப்பிகளையும் சங்குகளையும் சேகரித்தார்கள். அவை லண்டனுக்குப் போய்ச் சேர்ந்தன. அவற்றைப் பிரித்துப் பெயரிட்டு, கால நிர்ணயம் செய்யும் பொறுப்பு போர்ப்ஸுக்கு வந்தது. அவருடைய விவரமான கட்டுரை 1846-ல் வெளிவந்தது.

அம்மோனைட் என்னும் சுருள் ஓட்டுப் பிராணிகள் அவற்றில் ஏராளம். சாளக்கிராமத்தில் காண்கிறோமே, அந்தச் சக்கர வடிவமும் அம்மோனைட்டின் ஓடுதான். கிரெட்டேஷஸ் யுகத்தில், அதாவது ராட்சதப் பல்லிகள் பூமியில் உலாவிய காலத்தில், இன்று வயலும் புன்செயும் உள்ள அந்தப் பகுதிகளைக் கடல் மூடியிருந்தது என்பதற்கு அந்தக் கற்கள் சாட்சி. இந்தியாவுக்கு ஒரு தடவைகூட வராத போர்ப்ஸ், லண்டனில் மேஜைக்கு முன் உட்கார்ந்து நம் மண்ணின் பழைய கடலைப் படித்தார்.

டார்வினின் நம்பிக்கை

போர்ப்ஸின் மதிப்பு எப்படிப்பட்டது என்பதற்கு ஒரு சம்பவம் போதும். 1844-ல் சார்லஸ் டார்வின் தம் பரிணாமக் கொள்கையின் சுருக்கத்தை எழுதி முடித்தார். தாம் திடீரென்று இறந்துவிட்டால் அதைச் சீர்படுத்தி வெளியிட யாரைக் கேட்கலாம் என்று மனைவிக்கு ஒரு கடிதம் எழுதி வைத்தார். அதில் குறித்த பெயர்களில் போர்ப்ஸும் ஒருவர்.

1846-ல் பிரிட்டிஷ் தீவுகளின் செடிகளும் பிராணிகளும் எங்கிருந்து வந்தன என்பதைப் பற்றிப் போர்ப்ஸ் ஒரு பெரிய கட்டுரை எழுதினார். பழைய பனி யுகத்தில் கீழே பரவிய குளிர்ச் செடிகள், வெப்பம் திரும்பியபோது மலை உச்சிகளில் ஒதுங்கிவிட்டன என்று அதில் விளக்கினார். டார்வினும் அதே முடிவுக்குத் தனியாக வந்திருந்தார், போர்ப்ஸ் முந்திக்கொண்டார். ஆனால் அதே கட்டுரையில், அட்லாண்டிக் கடலில் ஒரு காலத்தில் பெரிய நிலப்பரப்பு இருந்து மூழ்கிவிட்டது என்றும் போர்ப்ஸ் துணிந்து சொன்னார். டார்வின் அதை ஏற்கவில்லை. கையில் உள்ள சாட்சியிலிருந்து ஒரே தாவாகத் தாவிவிடுவது போர்ப்ஸின் பலமாகவும் இருந்தது, பலவீனமாகவும் இருந்தது.

தமக்குத் தெரிந்ததை ஒளித்து வைக்காத மனிதர் அவர். ஹக்ஸ்லி என்ற இளம் கப்பல் வைத்தியர் நீண்ட கடல் யாத்திரை முடிந்து திரும்பியபோது, அவருடைய ஆராய்ச்சிகளை உலகம் கவனிக்கும்படி செய்ய முன்னின்று உழைத்தவர் போர்ப்ஸ். அந்த ஹக்ஸ்லிதான் பிற்காலத்தில் டார்வினுக்கு வலக்கையாக நின்றவர்.

1848-ல் எமிலி ஆஷ்வொர்த் என்ற பெண்மணியைப் போர்ப்ஸ் மணந்தார். ஹான்லி என்பவரோடு சேர்ந்து பிரிட்டிஷ் சிப்பி, நத்தை இனங்களைப் பற்றி நான்கு பாகங்கள் கொண்ட நூலை 1853-க்குள் முடித்தார். அதே ஆண்டில் பூகர்ப்ப சாஸ்திரச் சங்கத்தின் தலைவரும் ஆனார். எந்தச் சங்கத்தில் கற்களுக்குச் சீட்டு ஒட்டினாரோ, அதே சங்கம்!

ஆறு மாத வாழ்வு

போர்ப்ஸின் உள்ளத்தில் ஒரே ஓர் ஆசை பாக்கி இருந்தது. எடின்பரோவில் தம் குரு ஜேம்ஸன் வகித்த இயற்கை சாஸ்திரப் பேராசிரியர் பதவி தமக்குக் கிடைக்க வேண்டும். ஜேம்ஸன் ஐம்பது ஆண்டுகள் அந்தப் பதவியில் இருந்தார். அவர் 1854-ல் காலமானார். போர்ப்ஸ் நியமனம் பெற்றார்.

பரீட்சை எழுதாமல் ஓடிய மாணவன், அதே கல்லூரிக்குப் பேராசிரியராகத் திரும்பினான்! பாடம் கேட்க மாணவர்கள் திரண்டு வந்தார்கள். பெரிய காட்சிசாலை, மாணவர்களைக் கடலுக்கு அழைத்துப் போவது, ஈஜியன் புத்தகம் என்று எத்தனையோ திட்டங்கள். ஆனால் உடம்பு இடம் கொடுக்கவில்லை. பழைய காய்ச்சலும் ஓயாத உழைப்பும் சேர்ந்து சிறுநீரகத்தைக் கெடுத்துவிட்டிருந்தன. நவம்பரில் குளிர்காலப் பாடங்கள் தொடங்கிச் சில நாட்களுக்குள் படுத்த படுக்கை ஆனார். 1854-ம் ஆண்டு நவம்பர் 18-ந் தேதி எடின்பரோவுக்கு அருகில் காலமானார். அப்போது அவருக்கு வயது 39. ஆசைப்பட்ட பதவியில் ஓர் ஆண்டுகூட இருக்கவில்லை.

கோடு அழிந்தது

போர்ப்ஸ் இறந்த பிறகும் அவருடைய கோடு இருந்தது. அதற்கு எதிரான சாட்சிகள் முன்பே உண்டு. 1818-லேயே ஜான் ராஸ் என்ற காப்டன் வட துருவத்துக்கு அருகே கடலின் ஆழத்தை அளந்தபோது, கிளை கிளையாகக் கைகள் பிரிந்த ஒரு நட்சத்திர மீன் கயிற்றில் சிக்கி வந்தது. கயிறு 800 பாகத்துக்குக் குறையாமல் இறங்கியிருந்தது. நார்வேயில் மைக்கேல் சார்ஸ் என்ற பாதிரியார் 300 பாகத்துக்குக் கீழே வாழும் 19 இனங்களை 1850-ல் பட்டியல் போட்டார். ஆனால் பிராணி கயிற்றில் பாதி வழியில் ஒட்டிக் கொண்டிருக்கலாம், அளவு தவறியிருக்கலாம் என்று சொல்லிப் பலர் கோட்டை விட்டுக்கொடுக்கவில்லை.

1860-ல் மறுக்க முடியாத சாட்சி வந்தது. மத்தியதரைக் கடலில் சார்டினியா தீவுக்கும் ஆப்பிரிக்கக் கரைக்கும் இடையே கிடந்த தந்திக் கம்பி அறுந்துவிட்டது. சுமார் 1,200 பாகம் ஆழத்திலிருந்து அதை மேலே இழுத்தார்கள். கம்பியின் மேல் பவளப் பூச்சி கூடு கட்டி வளர்ந்திருந்தது! கயிற்றில் தொற்றிக்கொண்டு வந்தது என்று இதைச் சொல்ல முடியாது. அந்த ஆழத்திலேயே பிறந்து அங்கேயே வளர்ந்த உயிர் அது.

பிறகு வைவில் தாம்ஸன், கார்ப்பெண்டர் என்ற இரு விஞ்ஞானிகள் கடற்படைக் கப்பல்களில் புறப்பட்டார்கள். 1868-ல் லைட்னிங் கப்பல் 650 பாகத்தில் உயிர்களை வாரி எடுத்தது. 1869-ல் பார்க்குபைன் கப்பல் 2,435 பாகத்தில் வாரி எடுத்தது. போர்ப்ஸின் கோட்டைப்போல எட்டு மடங்கு ஆழம்! கடைசியாக 1872-ல் சாலஞ்சர் என்ற கப்பல் உலகக் கடல்களை ஆராயப் புறப்பட்டது. மூன்றரை ஆண்டுகளில் சுமார் 69,000 கடல் மைல் சுற்றி 1876-ல் திரும்பியது. அதன் அறிக்கைகள் 50 பாகங்களாக 1895 வரையில் அச்சாயின.

அந்த யாத்திரையின் தலைவர் வைவில் தாம்ஸன். 1870-ல் எடின்பரோவில் இயற்கை சாஸ்திரப் பேராசிரியர் ஆனவர். போர்ப்ஸ் ஆறு மாதம் அமர்ந்த அதே நாற்காலி! அங்கே அமர்ந்தவரே போர்ப்ஸின் கோட்டை அழித்தார். அழித்தபோதும் போர்ப்ஸை அவர் இகழவில்லை. வழிகாட்டிய முன்னோடி என்றே மதித்தார்.

எங்கே தவறினார்?

போர்ப்ஸ் எழுதிய குறிப்புகள் பொய்யல்ல. அவர் கண்டது உண்மை. ஆனால் அவர் வாரிய இடம் ஒரு விசேஷமான கடல். கிழக்கு மத்தியதரைக் கடலின் நீரில் உயிர்ச் சத்து மிகவும் குறைவு. மேலே விளையும் நுண்ணுயிர்கள் செத்து விழுவதுதான் ஆழத்தில் உள்ளவற்றுக்கு ஆகாரம். மேலே விளைச்சல் இல்லாவிட்டால் கீழே பட்டினி. அதனால்தான் அங்கே ஆழத்தில் உயிர்கள் அபூர்வம். அவர் உபயோகித்த பையும் சிறியது. சேறு சீக்கிரம் அடைத்துக்கொள்ளும். ஒரு வறண்ட ஜில்லாவில் மட்டும் குடிக்கணக்கு எடுத்து, தேசம் முழுவதும் இப்படித்தான் என்று சொன்னது போல ஆயிற்று.

இதில் ஒரு வேடிக்கை உண்டு. இருப்பிடத்துக்கு ஏற்றபடி உயிர்கள் அமைகின்றன என்று உலகுக்குச் சொன்னவரே அவர்தான். தம் விதியைத் தம் கணக்குக்கே பொருத்திப் பார்க்க மறந்துவிட்டார்.

ஒரேயடியாக மறந்தார் என்றும் சொல்வதற்கில்லை. ஐரோப்பியக் கடல்களைப் பற்றி அவர் பாதியில் விட்டுப்போன நூலை நண்பர் காட்வின் ஆஸ்டின் முடித்து 1859-ல் வெளியிட்டார். ஆழ்கடலில் உயிரின் எல்லை எது என்பது இன்னும் தீர்மானமாகவில்லை என்றும், கடல் ஆராய்ச்சியில் மிகச் சிறந்த கண்டுபிடிப்புகள் அங்கேதான் காத்திருக்கின்றன என்றும் போர்ப்ஸ் அதில் எழுதியிருந்தார். எண்ணை ஞாபகம் வைத்துக் கொண்ட உலகம், அவர் சொன்ன எச்சரிக்கையைக் கவனிக்கவில்லை.

அழியாதது எது?

பசிபிக் சமுத்திரத்தில் மரியானா பள்ளம் என்ற இடம்தான் உலகக் கடல்களிலேயே அதிக ஆழம். சுமார் 10,900 மீட்டர். அதன் அடிச்சேற்றிலும் கண்ணுக்குப் புலப்படாத ஓரணு உயிர்கள் வாழ்கின்றன என்பதை விஞ்ஞானிகள் எடுத்துப் பார்த்து 2005-ல் வெளியிட்டார்கள். கோடு அடியோடு போய்விட்டது.

ஆனால் போர்ப்ஸின் வழி போகவில்லை. ஒரு துறைமுகத்தில் கழிவுநீர் கலந்தால் என்ன கெடுதி? கடலில் எண்ணெய் கொட்டினால் எவ்வளவு சேதம்? தண்ணீர் வெப்பமானால் எது அழியும்? இவற்றை அறிய விஞ்ஞானிகள் கடலடிச் சேற்றை அள்ளிச் சல்லடையில் கழுவி, அதில் உள்ள புழு, சிப்பி, நுண்ணுயிர் ஒவ்வொன்றையும் எண்ணுகிறார்கள். மீன் ஓடித் தப்பிவிடும். சேற்றில் வாழும் சின்னஞ்சிறு பிராணி ஓட முடியாது. அது இருந்த இடத்திலேயே இருந்து நடந்ததற்குச் சாட்சி சொல்கிறது. அந்தச் சாட்சியைக் கேட்கத் தெரிந்து கொண்டவர்களில் முதன்மையானவர் மான் தீவின் நோயாளிப் பிள்ளை.

சிப்பி எடுப்பவர்கள் குப்பை என்று கொட்டியதை அவர் பொறுமையாகக் கழுவிப் பார்த்தார். எங்கே, எத்தனை, எதனோடு என்று எழுதி வைத்தார். அப்படி எழுதி வைத்ததனால்தான் அவருடைய தவற்றையும் பின்னால் வந்தவர்கள் கண்டுபிடித்துத் திருத்த முடிந்தது. எடின்பரோவில் டீன் இடுகாட்டில் போர்ப்ஸ் உறங்குகிறார். அவர் இறக்கிய பை இன்னும் கடலடியை வாரிக்கொண்டே இருக்கிறது.